ஆர்.சி. தொடக்கப்பள்ளி தொடங்கிய ஆண்டை எப்படி உறுதி செய்வது?

கேள்வி – தொண்டிக்கரை
தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரின் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிக்கு நூற்றாண்டு மலர் தயாராகிறது. முகப்புக் கல்லில் ஓர் ஆண்டு, அங்கீகார ஆணையில் வேறோர் ஆண்டு, பெரியவர்கள் சொல்வது இரண்டுக்கும் முந்தியது. கையில் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான் இருக்கிறது. எதை நம்பலாம், எங்கே தேடலாம்?

பதில் – பழைய ஏடு
மூன்றும் சரியாகவே இருக்கலாம். உபதேசியார் (குருவுக்கு உதவியாக மறைக்கல்வி தருபவர்) கோயில் தாழ்வாரத்தில் செபமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தது ஒரு தொடக்கம், கல்வித்துறை அங்கீகரித்தது இன்னொன்று. கல் பெரும்பாலும் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். புயலுக்குப் பின் எடுத்துக் கட்டிய கட்டடங்கள் நம் கரையில் நிறைய.

பதிவேட்டின் முதல் வரிசை எண்ணைப் பாருங்கள். 1 இல்லையென்றால் முன்னால் ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. உதாரணமாக 380-இல் தொடங்கி, அடுத்த ஐந்தாண்டில் சராசரி 20 பிள்ளைகள் சேர்ந்திருந்தால் சுமார் 19 ஆண்டு பின்னே போகலாம். ஆரம்பத்தில் சேர்க்கை குறைவாக இருந்திருக்கும் என்பதால் உண்மை இன்னும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. இடையில் எண்ணை மறுபடி 1-இலிருந்து போட்டிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

தேடும் இடம் ஆண்டைப் பொறுத்தது. தொண்டி இருக்கும் இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல். அதற்கு முந்திய தாள்களை மதுரை மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். திருச்சபைப் பக்கமும் அப்படித்தான்: சிவகங்கை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) 1987-இல் வந்தது, அதற்கு முன் மதுரை, 1938-க்கு முன் திருச்சி. போர்த்துகீசிய பதுரவாதோ (போர்த்துகல் அரசருக்குத் திருச்சபை தந்த புரவலர் உரிமை) ஆளுகையில் இருந்த கோயில் என்றால் மயிலாப்பூர் மறைமாவட்டத்தையும் விடக்கூடாது. இயேசு சபைக் குருக்கள் நடத்திய பங்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச்சபை) என்றால் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் ஆவணக்காப்பகத்துத் தாள்களைக் கேளுங்கள். அரசாணைகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். அங்கீகார ஆணையின் நகலுக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போடலாம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில். "பள்ளி வரலாறு வேண்டும்" என்று எழுதினால் பயனுள்ள பதில் கிடைப்பது அரிது. ஆணை, ஆய்வுக் குறிப்பு என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் – வலைவாடி
பலர் மறந்துவிடும் ஓர் இடம் பக்கத்து ஊர் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள். அங்குள்ள சேர்க்கைப் பதிவேட்டில் "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டத்தில் உங்கள் பள்ளி முதன்முதலில் வரும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளை என்றால் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே பள்ளி நடந்திருக்க வாய்ப்புண்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் பள்ளிக்கு இந்த வழியைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது பெயரில் தடுமாறுவீர்கள். அது பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். பள்ளியில் சூசை, அங்கே யோசேபுஸ். அருளப்பர் யோவான்னெஸ், இராயப்பர் பெத்ருஸ், சின்னப்பர் பவுலுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், ஞானப்பிரகாசம் அலோயிசியுஸ். தகப்பன் பெயரையும் ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயரையும் வைத்தே ஆளை உறுதி செய்யுங்கள். பிறந்த தேதியை நம்பிப் பொருத்த வேண்டாம்: பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு ஏற்ப மே, ஜூன் என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது.

தொண்டிக்கரை
நன்றி ஐயா. பதிவேட்டின் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மை பழுப்பேறி எழுத்துள்ள இடம் ஓட்டை விழுகிறது. வெயிலில் காயவைக்கலாமா?

பழைய ஏடு
வேண்டவே வேண்டாம் தம்பி. வெயில் தாளை நொறுங்க வைக்கும். அது இரும்புச் சத்துள்ள பழைய மை, உப்புக்காற்றின் ஈரத்தில் தாளையே தின்றுவிடும். நிழலில் மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஒட்டிய பக்கத்தைக் கத்தியால் பிரிக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை வலுவாக இழுக்காதீர்கள். செல்லோடேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது, பிறகு சீர்செய்வது மிகக் கடினம். படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டில் ஒரு விளக்கைச் சாய்த்து வைத்தால் மங்கிய எழுத்தின் தடமும் சில இடங்களில் தெரியலாம். அட்டை, காலிப் பக்கம், ஓரக்குறிப்பு எதையும் விடாதீர்கள். ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டரின் கையெழுத்தும் தேதியும் அங்கேதான் கிடக்கும்.