வேலியைத் தாண்டிக்கொண்டே இருக்கும் இளங்குதிரை – என்ன செய்வது?

வெண்கால்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இரண்டரை வயது ஆண்குதிரை இருக்கிறது. சாதுவான பிள்ளை, கையில் பிடித்தால் பின்னாலேயே வரும், கடிக்காது, உதைக்காது. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் விட்டால் நிற்க மாட்டேன் என்கிறது. சுற்றிலும் மரக்கட்டை வேலி, 4 அடி உயரம். நின்று பார்க்கும், பின்னால் போகும், ஓடி வந்து தாண்டிவிடும். தாண்டுகிற இடத்தில் மேலே இன்னொரு கட்டை வைத்து உயர்த்தினால் வேறு பக்கமாகத் தாண்டுகிறது. காயடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் பெண்குதிரை தேடிப் போகிறது என்றும் தோன்றவில்லை. கூட இருந்த பெரிய பெண்குதிரையை வேறு இடத்துக்கு அனுப்பிய பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. இப்போதெல்லாம் வெளியே போனால் நேராகப் பக்கத்துப் பண்ணைக்குப் போய் அங்கே இருக்கிற குதிரைகளோடு நிற்கிறது, அவர்களும் பாவம், கொஞ்சம் தானியம் வைத்துப் பிடித்துக் கட்டிவிட்டுத் தகவல் சொல்கிறார்கள். எனக்குப் பயமே இன்னொரு பக்கம் இருக்கிற சாலைதான். ஒரு வண்டி வேகமாக வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. முன்னங்கால்களுக்குத் தளை போடு என்று ஒருவர் சொல்கிறார், வேலிக்கு மேலே முள்கம்பி இழு என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டுக்கும் மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேய்ச்சல்நிலம்:
பெரிய பெண்குதிரை போன பிறகுதான் தொடங்கியது என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வெளியே போனதும் அது எங்கே போகிறது? புல் நிறைய இருக்கிற இடத்துக்கா? இல்லை, குதிரைகள் இருக்கிற இடத்துக்கு. குதிரை கூட்டமாக வாழ்கிற மிருகம். தனியாக இருந்தால் அதற்குத் தூக்கம்கூடச் சரியாக வராது, ஏனென்றால் நின்றபடி அரைத்தூக்கம் போடலாமே தவிர ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும், பக்கத்தில் இன்னொன்று காவலுக்கு நிற்கிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நிம்மதியாகப் படுக்கும். இந்த வயதுக் குட்டியைத் தனியாக விட்டுவிட்டு வேலியை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், அது வெளியே போக நினைக்கும் காரணம் அப்படியே இருக்கும்.

துணைக்கு ஒரு குதிரை கொண்டுவாருங்கள். வயதான, அமைதியான, வேலியைத் திரும்பிப் பார்க்காத குதிரையாக இருந்தால் ரொம்ப நல்லது. இதே வயதில் இன்னொரு குட்டி வேண்டாம், ஒன்று தாண்டினால் மற்றதும் பின்னாலேயே தாண்டக் கற்றுக்கொள்ளும். கழுதையும் ஆடும்கூடச் சில குதிரைகளுக்குத் துணையாக இருப்பதுண்டு, ஆனால் அதை எல்லாக் குதிரையும் ஏற்றுக்கொள்ளாது, குதிரைக்குக் குதிரைதான் சரி. புதிதாக வருவதை உடனே ஒன்றாக விடாமல், நடுவில் வேலி வைத்துச் சில நாள் ஒன்றையொன்று பார்த்து முகர்ந்து பழகவிட்டு அப்புறம் சேர்த்துவிடுங்கள். வாங்க வசதி இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்காரரிடமே பேசிப் பாருங்கள். அவருடைய ஒரு குதிரை பகலில் உங்கள் நிலத்தில் மேயலாம், இல்லையென்றால் உங்களுடையது அங்கே மேயலாம். உங்கள் குதிரை ஏற்கெனவே அந்தக் கூட்டத்தைத் தன் கூட்டமாகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

கம்பிவேலி:
மேலே நண்பர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் துணை வரும்வரை சாலை காத்துக்கொண்டிருக்காது, அதனால் வேலியைப் பற்றிச் சொல்கிறேன்.

4 அடி ஓர் இளங்குதிரைக்குத் தடையே இல்லை. தாண்டிப் பழகியதற்கு 5 அடியாவது வேண்டும். உயரத்தை மட்டும் நம்பவும் முடியாது. 1949-இல் சிலி நாட்டில் உவாசோ என்ற குதிரை 2.47 மீட்டர் தாண்டியது, அதாவது 8 அடிக்கு மேல். அது பயிற்சி பெற்ற குதிரை, முதுகில் ஆள் இருந்தார் என்றாலும், குதிரையின் உடம்பில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அதனால் தாண்ட முடியாத வேலி கட்டுவதைவிட, கிட்டே போகவே விரும்பாத வேலி கட்டுவதுதான் வழி. அதற்கு மின்வேலி.

மெல்லிய கம்பி வேண்டாம், ஓடிவரும் குதிரைக்கு அது கண்ணில் படாது. மின்சாரம் பாய மெல்லிய கம்பியிழைகள் சேர்த்து நெய்த, 40 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை மின்வேலி நாடா வாங்குங்கள். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, வெள்ளை நன்றாகத் தெரியும். மரவேலியின் மேல்கட்டைக்கு மேலே ஒரு வரிசை, உள்பக்கமாகச் சற்றுத் தள்ளி நெஞ்சு உயரத்தில் இன்னொரு வரிசை. உள்ளே தள்ளி வைப்பதால் வேலிக்குப் பக்கத்தில் கால் ஊன்றி எழும்ப முடியாமல் போகும். வேலிக்கு மின்சாரம் அனுப்ப இதற்கென்றே இருக்கிற எனர்ஜைசர் என்ற கருவியை மட்டும் பயன்படுத்துங்கள், அது நொடிக்கு ஒருமுறை மாதிரி மிகக் குறுகிய துடிப்பாகத்தான் அனுப்பும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம், குதிரையும் சாகும், மனிதரும் சாவார். வேலியின் கடைசி முனையில் சோதித்தாலும் 3000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு இருக்கும்: காய்ந்த மண்ணில் ஒரே ஒரு கம்பி அடித்தால் போதாது, மூன்று கம்பிகளை 3 மீட்டர் இடைவெளியில் ஆழமாக அடித்து இணையுங்கள், கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள்.

பழக்குவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குதிரை நின்று நிதானமாக முகர்ந்து பார்க்கும்போது மூக்கில் அடி விழுந்தால் பின்னால் போகும். ஓடிவரும் வேகத்தில் நெஞ்சில் பட்டால் முன்னால்தான் பாயும். அதனால் பகலில், வயிறு நிறைந்து அமைதியாக இருக்கும்போது விட்டு, அதுவாகப் போய்த் தெரிந்துகொள்ளட்டும், நீங்கள் தள்ளவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அதற்குப் பிறகு வேலியில் மின்சாரம் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

இன்னொன்று, அது எங்கே எழும்புகிறது என்று குளம்புத் தடத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் தாழ்வாக இருக்கிறதா, உள்ளே எருக்குவியல் இருக்கிறதா, கதவு மட்டும் வேலியைவிடத் தாழ்வாக இருக்கிறதா? ஓடிவர நீளமான இடம் எந்தப் பக்கம் கிடைக்கிறது? அங்கேதான் முதலில் வேலை.

குளம்படி:
முள்கம்பிக்கும் தளைக்கும் மனசு வரவில்லை என்றீர்கள். மனசு வரவே வேண்டாம். குதிரையின் முட்டிக்குக் கீழே சதை கிடையாது, தோல், தசைநாண், எலும்பு அவ்வளவுதான். முள்கம்பியில் கால் சிக்கினால் குதிரை இழுத்துப் பிய்த்துக்கொள்ளும், தசைநாணோ மூட்டோ கிழிந்தால் அந்தக் குதிரை பிழைத்தாலும் நொண்டியாகிவிடலாம். தளை போட்ட குதிரையும் தாண்டும், சில குதிரைகள் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கக் கற்றுக்கொள்கின்றன. இறங்கும்போது காலைப் பிரித்து ஊன்ற முடியாமல் தலைகுப்புற விழும். இரண்டையும் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் வேண்டாம்.

வேறு வேலி போடும்வரை ஒவ்வொரு முறை வெளியே போய் வந்த பிறகும் நான்கு கால்களையும் கையால் தடவிப் பாருங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை மாதிரி காயம் இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா? மிருகங்களிலேயே குதிரைக்குத்தான் அந்த நோய் மிக எளிதாக வரும். இரண்டரை வயதில் எலும்பு வளர்ச்சியும் முடிந்திருக்காது, முதுகெலும்பு முதிர 5 வயதுக்கு மேல் ஆகும். கெட்டித் தரையில் திரும்பத் திரும்பக் குதித்து இறங்குவது பின்னால் தெரியவரும் சேதம்.

புல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மொட்டையாக மேய்ந்து முடித்த நிலமாக இருந்தால் அதுவும் ஒரு காரணம்தான். நாளொன்றுக்கு உடல் எடையில் 100-க்கு 1.5 முதல் 2 பங்கு வரை உலர்ந்த புல்லோ வைக்கோலோ உள்ளே போக வேண்டும், அதுவும் நாள் முழுக்கப் பரவலாக. கொள்ளு, ஓட்ஸ் அதிகம் கொடுத்து வேலையும் இல்லாமல் வைத்திருந்தால் அந்தத் துடிப்பு வேலியில்தான் போய் முடியும்.

வெண்கால்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. புல் குறைவுதான், வைக்கோல் போட ஆரம்பிக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இன்றே பேசுகிறேன். இரண்டு சந்தேகம். அதுவரை லாயத்திலேயே பூட்டி வைக்கலாமா? அப்புறம், இவ்வளவு அழகாகத் தாண்டுகிறதே, இதற்குத் தாண்டும் பயிற்சியே கொடுத்தால் இந்தப் பழக்கம் இன்னும் மோசமாகுமா?

மேய்ச்சல்நிலம்:
முழு நாளும் பூட்டாதீர்கள், திறந்துவிட்ட நிமிடம் பறந்துவிடும். இரவில் லாயம், பகலில் அந்தக் குதிரைகள் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக ஓடிவர இடமில்லாத சிறிய அடைப்பு, அதில் எந்நேரமும் வைக்கோலும் தண்ணீரும். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நீண்ட நடை கூட்டிப்போங்கள், புது இடம், புதுச் சத்தம் எல்லாம் பார்க்கட்டும். வட்டமாக ஓடவிடும் பயிற்சியைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், இளம் மூட்டுக்கு அது ஆகாது.

பக்கத்துப் பண்ணையில் தானியம் வைத்துப் பிடிக்கிறார்கள் என்றீர்களே, அதை அன்போடு நிறுத்தச் சொல்லுங்கள். தாண்டினால் நண்பர்களும் உண்டு, தானியமும் உண்டு என்றால் எந்தக் குதிரைதான் தாண்டாது? பேசாமல் தலைக்கயிறு மாட்டி அழைத்துவந்து, உங்கள் வேலிக்குள் வந்து நின்று அடங்கிய பிறகு தீவனம் வையுங்கள். பிடித்து வந்த பிறகு அடிக்கவே கூடாது. தாண்டியதற்கு அடி என்று அதற்குப் புரியாது, பிடிபட்டதற்கு அடி என்றுதான் புரியும், அடுத்த முறை கையில் சிக்காது.

தாண்டும் பயிற்சியால் பழக்கம் மோசமாகும் என்று பயப்பட வேண்டாம். போட்டிகளில் உயரம் தாண்டும் குதிரைகள் பல, சாதாரண வேலிக்குள் துணையோடு அமைதியாக மேய்கின்றன. ஆனால் இப்போது வேண்டாம், எலும்பு முதிரட்டும், நான்கு வயதுக்குப் பிறகு நல்ல பயிற்சியாளரைப் பாருங்கள்.

கம்பிவேலி:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நாடா முழுச் சுற்றுக்கும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் சாலைப் பக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள். தாண்டியே ஆவேன் என்று அது அடம்பிடித்தாலும் பண்ணைப் பக்கமாகத் தாண்டட்டும்.