அம்மாவின் தூக்க மாத்திரையைக் குப்பையில் போட்டேன். சரிதானே?

வடக்குவீதி (ஞாயிறு, காலை 9:20)

அம்மாவுக்கு 66 வயது. அப்பா போனதிலிருந்து, ஒன்பது வருஷமாக, ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். கேட்டால் "தூக்கத்துக்குடா, டாக்டர் குடுத்தது" என்பார். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. இந்த முறை ஊருக்கு வந்தபோதுதான் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தேன். அல்பிரசோலம் 0.5. பீரோவில் சீட்டும் இருக்கிறது, கிழிந்துவிடக் கூடாதென்று லேமினேட் போட்டு வைத்திருக்கிறார். டாக்டர் கையெழுத்தில் தெளிவாக "10 நாள்" என்று எழுதியிருக்கிறது.

நெட்டில் தேடினேன். பதற்றத்துக்குக் கொடுக்கிற மருந்தாம், என்.டி.பி.எஸ். சட்டத்தில் வருகிறது. கஞ்சா, ஹெராயின் வருகிற அதே சட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி இருந்த இரண்டு ஸ்ட்ரிப்பையும் குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டேன். கடைக்காரரிடமும் இனி கொடுக்காதீர்கள் என்று சொல்லியாயிற்று. இரண்டு ராத்திரியாக அம்மா தூங்கவில்லை. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சித்தி என்னைக் கொலைகாரன் ரேஞ்சுக்குத் திட்டுகிறார். போதை இறங்கும்போது அப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்பது என் கட்சி. பதற்றத்துக்கு இதை எழுதிக் கொடுப்பதையே தடை செய்ய வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

மருந்துக்கடைக்காரன் (9:34)

தம்பி, கட்சியெல்லாம் அப்புறம் பேசலாம். அம்மாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. லேமினேட் சீட்டையும் கையில எடுத்துக்கங்க. ஒன்பது வருஷம் போட்டதை ஒரே ராத்திரில நிறுத்தினா வலிப்பு வரும். 22 வருஷமா கவுன்ட்டர்ல நிக்கிறேன், ரெண்டு பேருக்குப் பார்த்திருக்கேன்.

வடக்குவீதி (9:41)

பயமுறுத்தாதீர்கள் சார். பாயிண்ட் ஃபைவ் சின்ன டோஸ்தானே? எங்க மாமா 30 வருஷம் பிடித்த சிகரெட்டை ஒரே நாளில் விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

இரவுப்பணி (9:58)

மனநலத் துறையில் மேற்படிப்பு படிக்கிறேன், டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். கடைக்காரர் சொல்வதுதான் சரி. சிகரெட்டை விட்டால் எரிச்சல் வரும், உயிர் போகாது. சாராயமும் இந்த மாத்திரையும் வேறு ரகம். திடீரென்று விட்டால் வலிப்பு, குழப்பம், சில நேரம் மரணமும் உண்டு. டோஸ் சின்னதாக இருந்தால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

உங்கள் பெயரைப் பார்த்தால் தேரோடும் வீதிக்காரர் போலிருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன். தேர் கட்டுமீறி ஓடாமல் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்கள் இல்லையா? மூளையில் அந்த வேலையைச் செய்வது காபா என்கிற வேதிப்பொருள். இந்த மாத்திரை தானாக எதையும் நிறுத்துவதில்லை, முட்டுக்கட்டை போடுகிறவனுக்குத் துணையாளாக வருகிறது. வருஷக்கணக்கில் துணையாள் நின்றால் பழைய ஆளுக்குக் கை தளர்ந்துவிடும். வடம் பிடிப்பவர்களோ அதற்கு ஈடுகட்ட இன்னும் வேகமாக இழுக்கப் பழகியிருப்பார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி துணையாளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அல்பிரசோலம் 11 மணி நேரத்தில் பாதி குறைந்துவிடும், வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதனால் இன்றும் நாளையும்தான் அதிகம் பயப்பட வேண்டிய நேரம். போங்கள். வழியில் வெட்டி இழுத்தாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ 108.

வடக்குவீதி (மதியம் 2:15)

போனோம். பி.பி. 170/100. டூட்டி டாக்டர் வேறெதுவும் பேசவில்லை, "எத்தனை நாளாச்சு?" என்று மட்டும் கேட்டார். பழைய டோஸையே கொடுத்து இரண்டு மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள். நடுக்கம் அடங்கிவிட்டது. நாளை மறுநாள் மனநல ஓ.பி.க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. நிறுத்தினால் ஆளையே கொல்லக்கூடிய ஒன்றை, புருஷனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எப்படிக் கொடுத்தார்கள்?

கடைசிப்பெட்டி (2:50)

அம்மா நல்லா இருக்காங்கன்னு படிச்சதும்தான் எனக்கு உயிர் வந்துச்சு. ஆனா அந்தத் "தடை"ங்கிற வார்த்தைக்கு எனக்குப் பதில் இருக்கு.

2021-ல தாம்பரத்துல இருந்து பீச் போற ட்ரெயின்ல எனக்கு முதல் தடவை பேனிக் அட்டாக் வந்துச்சு. நெஞ்சு அடைக்குது, விரல் நுனி மரத்துப் போச்சு, செத்துட்டேன்னே நினைச்சேன். மூணு தடவை ஈ.சி.ஜி., மூணும் நார்மல். அப்புறம் ட்ரெயின் சத்தம் கேட்டாலே வியர்க்கும், வேலையை விடுற நிலைமை. மனநல டாக்டர் எஸ்சிட்டலோபிராம்னு பதற்றத்தைக் குறைக்கிற மெயின் மாத்திரை எழுதினார். அது வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடக்கூட செய்யலாம், அதுவரைக்கும் தாங்கன்னு குளோனசெபாம் (உங்க அம்மா மாத்திரையோட குடும்பம்தான்) பாயிண்ட் டூ ஃபைவ் மூணு வாரம் குடுத்தார். எந்தத் தேதியில பாதியாக்கணும், எந்தத் தேதியில நிறுத்தணும்னு முதல் நாளே சீட்டுல எழுதிட்டார். நிறுத்தினேன், ஒண்ணும் ஆகல. அந்த மூணு வாரம் இல்லேன்னா மெயின் மாத்திரையையும் நாலாம் நாளே தூக்கிப் போட்டிருப்பேன். இப்பவும் பர்ஸ்ல ஒரு குளோனசெபாம் இருக்கு, தேதியே முடிஞ்சு போச்சு. போட்டதில்ல, இருக்குன்னு ஒரு தைரியம்.

பழையபஞ்சாங்கம் (மாலை 4:30)

அந்தத் "தைரியம்" என்ற சொல்தான் வியாபாரத்தின் மூலதனம் அம்மணி. வரலாற்றைப் பாருங்கள். ரோஷ் கம்பெனி 1960-ல் இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான லிப்ரியத்தைக் கொண்டுவந்தது, 1963-ல் வேலியம். பார்பிட்டுரேட் என்ற பழைய தூக்க மருந்தைவிடப் பாதுகாப்பானது என்றுதான் உலகம் வாங்கிப் போட்டது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு சொல்வதற்குள் 1988 ஆகிவிட்டது. ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை 1982 முதல் 1994 வரை நியூகாசிலில் இதிலிருந்து மீள்வதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையிலிருந்து மீள ஒரு தனி கிளினிக்! சார்பு, விலகல் விளைவுகள் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் போட்டது 2020 செப்டம்பரில். அறுபது வருடம்! தெரிந்தேதான் விற்றார்கள்.

இரவுப்பணி (5:05)

ஐயா, ஆண்டுகள் எல்லாம் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். பார்பிட்டுரேட்டைவிடப் பாதுகாப்பானது என்பது பொய்யில்லை. பார்பிட்டுரேட்டைக் கைநிறைய விழுங்கினால் மூச்சு நின்றுவிடும். பென்சோடையசெபைனை (அல்பிரசோலம், வேலியம் எல்லாம் அந்தக் குடும்பம்) தனியாக விழுங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். கூடவே சாராயமோ, டிராமடோல் மாதிரி ஓபியாய்டு வலி மருந்தோ சேர்ந்தால்தான் கதை மாறும். 2016-ல் எஃப்.டி.ஏ. போட்ட எச்சரிக்கை அந்தக் கூட்டுக்குத்தான். வலிப்பு நிற்காமல் வருகிறவருக்கும், குடியை நிறுத்திக் கைகால் உதறுகிறவருக்கும் இன்றைக்கும் முதலில் போடுவது இதே குடும்ப மருந்துதான். நீங்கள் தடை செய்தால் நேற்று ராத்திரி என் வார்டில் இருந்த இரண்டு பேருக்கு நான் எதைப் போட்டிருப்பேன்?

பதற்றத்துக்கு மாதக்கணக்கில் தரக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. பிரிட்டனின் நைஸ் என்ற அரசு மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலும் 2011-லேயே, பொதுவான பதற்ற நோய்க்கு நெருக்கடி நேரத்தில் குறுகிய காலம் தவிர இதைக் கொடுக்காதே என்கிறது.

கடைசிப்பெட்டி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பர்ஸில் இருக்கிற மாத்திரையும் ஒரு சார்புதான். மாத்திரை கையில் இல்லாமல் அந்த ட்ரெயினில் போய்வந்தால்தான் "இது இல்லாமலும் நான் சாகவில்லை" என்று மனசு நம்பும்.

கடைசிப்பெட்டி (5:12)

தம்பி, நீங்க ட்ரெயின்ல பக்கத்துல உக்காந்து வர்றீங்களா? ஃபீஸ் குடுத்துடறேன். நாலு வருஷமா தினம் போய்ட்டு வரேன். பர்ஸ்ல முருகன் படமும்தான் இருக்கு, அதையும் எடுத்துடவா?

இரவுப்பணி (5:15)

சரண்டர்.

வேரும்தழையும் (5:40)

எல்லாம் ரசாயனம். பாலில் அமுக்கரா சூரணம் கலந்து கொடுங்கள், மூன்றே நாளில் மாத்திரையை மறந்துவிடுவார்.

மருந்துக்கடைக்காரன் (6:02)

அமுக்கராவும் அசத்தும், மாத்திரையோட சேர்ந்தா இன்னும் அசத்தும். வலிப்பை அது நிறுத்தாது. டாக்டர்கிட்ட கேக்காம கலக்காதீங்க தம்பி. இந்தப் பேச்சை இதோட விடுவோம்.

எங்க பக்கத்துக் கதையை நானே சொல்லிடறேன், யாரும் கேக்கறதுக்கு முன்னாடி. 2014 மார்ச் 1-ல இருந்து இதெல்லாம் ஷெட்யூல் எச்1, அதாவது கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியல். சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தனை மாத்திரைன்னு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சட்டம் அருமையா இருக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அம்மா வந்து நிப்பாங்க, "அஞ்சே அஞ்சு வெட்டிக் குடு சாமி, தூங்கி மூணு நாளாச்சு"ம்பாங்க. இல்லேன்னு சொன்னா எதிர்க்கடைக்குப் போவாங்க. நானும் வெட்டிக் குடுத்திருக்கேன். இவரு அம்மாவோட லேமினேட் சீட்டு மாதிரி எத்தனையோ பார்த்திருக்கேன். தேதியைப் பார்க்காம பேரை மட்டும் பார்த்துட்டுக் குடுத்திருக்கேன்.

இன்னொண்ணு. "ப்ளஸ்"னு முடியற மாத்திரை நிறைய வருது பாருங்க, எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில. மூணு வாரத்துல நிறுத்த வேண்டியதையும் ஒரு வருஷம் போட வேண்டியதையும் ஒண்ணாக் கட்டிட்டா எதை நிறுத்துவீங்க, எப்படி நிறுத்துவீங்க? கடைசிப்பெட்டி அக்காவுக்குத் தனித்தனியா எழுதின டாக்டர் புண்ணியவான். எங்கிட்ட வர்ற சீட்டுல பாதிக்கு மேல ப்ளஸ்தான், வருஷக்கணக்குல.

பழையபஞ்சாங்கம் (6:30)

கடைக்காரரே வாக்குமூலம் கொடுத்தாயிற்று. தெலங்கானாவில் அல்பிரசோலத்தைக் கள்ளில் கலக்கிறார்கள், கள்ளுக்கடை மூடினால் குடித்தவர்கள் கைகால் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அதற்கும் "சரியாகப் பயன்படுத்தவில்லை" என்றுதான் சொல்வீர்களா?

இரவுப்பணி (6:48)

ஆம், அப்படித்தான் சொல்வேன். மருந்து என்று தெரியாமலே குடிக்கிறவனையும் மூன்று வாரம் கணக்கு வைத்துச் சாப்பிட்டவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றைக் காட்டுகிறது. சார்பு வருவதற்கு யாரும் போதை தேடிப் போக வேண்டியதில்லை. வடக்குவீதி அம்மா ஒரு நாளாவது டோஸைக் கூட்டினாரா, இரண்டாகப் போட்டாரா? சீட்டில் இருந்ததை மட்டும் போட்டிருக்கிறார். அவரைப் போய் "போதை இறங்குகிறது" என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பு பழகியது வேறு, ஆசைப்பட்டு அடிமையானது வேறு.

வடக்குவீதி (புதன், இரவு 9:10)

ஓ.பி. போய்வந்த கதை. டாக்டர் அரை மணி நேரம் பேசினார், முக்கால்வாசி அம்மாவிடம். ராத்திரி எழுந்தால் தள்ளாடுகிறதா என்று கேட்டார். இரண்டு வருஷம் முன்னால் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு உடைந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார். எலும்பு டாக்டர் கட்டுப் போட்டார், கால்சியம் எழுதினார். ராத்திரி என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. வயதானவர்கள் விழுவதற்கு இந்த மாத்திரை பெரிய காரணம் என்றார் ஓ.பி. டாக்டர். மறதியும் இதனால் கூடலாமாம்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு 0.5 என்பது 0.375 ஆகும், அதாவது பாயிண்ட் டூ ஃபைவ் மாத்திரை ஒன்றும் ஒரு பாதியும். அதில் ஒரு மாதம். தாங்கவில்லை என்றால் அங்கேயே நிற்கலாம், ஓட்டப்பந்தயம் இல்லை என்றார். டயஸெபாமுக்கு (அதுதான் வேலியம்) மாற்றிக் குறைக்கலாமே, நெட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று கேட்டேன். அது நாள்கணக்கில் உடம்பில் தேங்கும், இந்த வயதில் வேண்டாம் என்றார். நெட்டை மூடச் சொன்னார், வேறு வார்த்தையில்.

இரவுப்பணி (9:32)

நல்ல திட்டம். 2025-ல் அமெரிக்காவில் வந்த கூட்டு வழிகாட்டுதல் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது, எந்த இரண்டு வாரத்திலும் 25-ஐத் தாண்டாதே என்கிறது. இது அந்த 25-இன் விளிம்பில் இருக்கிறது. படபடப்பு கூடினால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இன்னும் சின்னப் படியாகப் பிரிப்பார். ராத்திரி யாருக்காவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் இலவச மனநல உதவி எண் டெலிமனஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

பழையபஞ்சாங்கம் (9:50)

ஒன்பது வருடம் கழித்து அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணி நேரத்தை முதல் பத்தாம் நாளில் பேசியிருந்தால் இந்த விவாதமே இல்லை. என் கட்சியை நான் மாற்றவில்லை.

வடக்குவீதி (10:05)

அம்மாவும் அதைத்தான் சொன்னார் ஐயா. "பத்து நாள் கழிச்சு வான்னு அவர் சொல்லலையேடா, நான் எதுக்குப் போவேன்?" என்றார்.

ஒரு சின்னக் கேள்வி. வெட்டிப் பார்க்கலாம் என்று இன்றைக்கே ஒரு மாத்திரையை எடுத்தார். அப்பாவுடைய பாக்குவெட்டியைக் கொண்டுவந்து, ஹிந்து பேப்பரை விரித்து அதன்மேல் வைத்து வெட்டினார். ஒரு பாதி பெரிசு, ஒரு பாதி பொடி. இப்படிப் போடலாமா?

மருந்துக்கடைக்காரன் (10:11)

பொடியானதை விட்டுடுங்க. மாத்திரை வெட்டறதுக்குன்னு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கு, உள்ள பிளேடு இருக்கும், மூடினா நடுவுல வெட்டிடும். பெரிய மெடிக்கல்ல கேளுங்க.

வடக்குவீதி (வியாழன், காலை 11:40)

வாங்கிக் கொடுத்தேன். டப்பாவுக்குள் மாத்திரையை வைத்து மூடிப் பார்த்தார், சரிபாதியாக வந்தது. "பரவாயில்லையே" என்றார். அப்புறம் பாக்குவெட்டியைத் துடைத்து, லேமினேட் சீட்டு இருந்த இடத்தில் வைத்துப் பீரோவைப் பூட்டினார்.