அலுமினியத் தாளில் கல்லச்சு முறை: வரையாத இடத்திலும் மை பிடிக்கிறது

கேள்வி (மண்டபம், ஓவிய ஆசிரியர்)

மரச்செதுக்கில் மேடும், உலோகச் செதுக்கில் பள்ளமும் மையைத் தாங்குகின்றன. இரண்டும் இல்லாத சமதளத்திலிருந்து படம் எப்படி வரும் என்று மாணவர்கள் கேட்டனர். சமதளக் கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறையைக் காட்ட, கல்லுக்குப் பதிலாகச் சமையலறை அலுமினியத் தாளைப் பலகையில் இறுக்கிச் சுற்றி, சோப்புக்கட்டியால் ஒரு வத்தையை (பாய்மரப் படகை) வரையச் செய்து, கோலா பானத்தை ஊற்றிக் கழுவி, சமையல் எண்ணெயால் துடைத்து, ஈரப் பஞ்சால் ஒற்றியபின் எண்ணெய் மையை உருட்டினோம். இரண்டு படிகள் தெளிவாக வந்தன. மூன்றாவதில் வானம் முழுவதும் சாம்பல் பூத்துவிட்டது. பாய்க்கு அருகில் ஒரு மாணவரின் கட்டைவிரல் ரேகையும், வரிகளை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு, அச்சாகியிருந்தது. பஞ்சை நனைத்தது பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரில். எங்கே தவறினோம்?

பதில் (இராமநாதபுரம், ஆப்செட் அச்சகப் பணியாளர்)

ஐயா, அந்த ரேகைதான் உங்கள் மாணவர்களுக்குச் சரியான விடை. வரைந்த சோப்பைப் போலவே விரலின் எண்ணெய்ப் பசையும் மையை இழுத்துக்கொள்கிறது. நீர் நின்ற இடம் மையைத் தள்ளுகிறது. கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலம், வரையாத இடத்தை நீர் பிடிக்கும்படி பதப்படுத்துகிறது. எனவே தாளை ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

சாம்பலுக்கு முதற்காரணம் ஈரம் காய்ந்ததே. நம் கடற்காற்றில் பஞ்சின் ஈரம் நொடியில் போய்விடும். ஒவ்வொரு உருட்டலுக்கு முன்பும் ஒற்றியே ஆக வேண்டும், ஒருமுறை கூடத் தவறக் கூடாது. அடுத்தது அந்த நீர். உவர்நீரின் உப்பு அலுமினியத்தை அரித்து வெண்புள்ளிகளை உண்டாக்கும். அங்கே மை தங்கிவிடும். மழைநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள். வெயிலில் மை இளகினாலும் இப்படிப் படரும் என்பதால், காலையில் மெல்லிய பூச்சாக உருட்டுவது நல்லது.

பதில் (கீழக்கரை)

1796 வாக்கில் பவேரியாவில் அலோய்ஸ் செனபெல்டர் கண்ட முறை இதுவே. அவர் சோல்ன்ஹோபன் சுண்ணாம்புக் கல்லில் வரைந்து, கருவேல இனத்துப் பிசினும் அமிலமும் கலந்து பூசினார். எங்கள் கீழக்கரையில் இஸ்லாமிய அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்த அந்த நூற்றாண்டில், அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்கள் பலவும் கல்லச்சில்தான் வெளிவந்தன. அச்செழுத்து வார்க்காமலே எழுதுபவரின் கையெழுத்தை அப்படியே பெருக்க அது வழி செய்தது. கல்லில் நேரடியாக எழுதினால் இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். அதைத் தவிர்க்கப் எண்ணெய்ப் பசையுள்ள மையால் மாற்றுத்தாளில் நேராக எழுதி, அதைக் கல்லின்மேல் அழுத்திப் பதிக்கும் வழக்கமும் இருந்தது. மாணவர்கள் வத்தையில் பெயர் எழுதுவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மறுமொழி (மண்டபம்)

இருவருக்கும் நன்றி. சேமித்து வைத்திருந்த மழைநீரில் இன்று காலை மீண்டும் முயன்றோம். ஆறு படிகள் வரை வானம் வெளுப்பாகவே நின்றது. பெயர் மட்டும் இடம் வலமாகிவிட்டது. நாளை கண்ணாடியைப் பார்த்து எழுதுகிறோம்.