பிலிப்பைன்ஸ் பாய் மடித்தாலும் முறியாதது ஏன்?

வாலிநோக்கத்திலிருந்து கேள்வி

வணக்கம். கப்பலில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, உடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்ததாக ஒரு பாயைக் கொண்டுவந்தார். சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் கட்டம் கட்டமாக ஓடும் அந்தப் பாயைச் சேலைபோல் நான்காக மடித்தாலும் மடிப்பில் ஓர் இழைகூட முறியவில்லை. என் மாமியாரும் நானும் பனங்குருத்தோலையில் கொட்டான் என்னும் சிறு கூடை முடைகிறோம்; கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் விளிம்பை மடக்கும்போதே ஓலை ஒடிந்துவிடுகிறது. இது என்ன ஓலை, எப்படிப் பதப்படுத்துகிறார்கள்? தடவிப் பார்த்த மாமியார் தாழை என்று அடித்துச் சொல்கிறார்.

தொண்டியிலிருந்து மறுமொழி

உங்கள் மாமியார் சொல்வது சரியாக இருக்கலாம், அக்கா. அங்கே பாயைப் ‘பனிக்’ என்பார்கள். சாமர் தீவிலுள்ள பாசே ஊரில் அதைத் திக்கோக் என்னும் புல்லில் நெய்கிறார்கள். அது நம் பத்தமடைக் கோரையின் குடும்பம். தெற்கே தாவி-தாவித் தீவுகளில் வாழும் சாமா மக்களுக்குத் தாழைதான். அந்தத் தீவுகளைச் சேர்ந்த ஹாஜா அமினா அப்பி, மரபுக் கலைஞர்களுக்கு அந்நாடு வழங்கும் உயரிய விருதை 2004இல் பெற்றவர். மடலை ஒரே அகலத்தில் வார்ந்து, வெயிலில் உலர்த்தி, பெரிய மரக்கட்டையின் அடியில் இட்டு அழுத்தி, அதன் பிறகே சாயம் கலந்த கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுப்பார். கடைச்சாயம் எடுப்பாக இல்லையென்று தாமே சாயம் கூட்டியும் பார்த்தவர். அந்தக் கட்டை அழுத்தத்தில்தான் மடல் துணிபோல் படிகிறது என்பது என் எண்ணம்.

சாயல்குடியிலிருந்து மறுமொழி

கட்டை வித்தையைப் பனையோலையில் காட்டாதீர்கள், அம்மா. ஆசைப்பட்டு உருட்டிப் பார்த்து ஒரு கட்டு ஓலையை நார்நாராகக் கிழித்தவன் நான். நமக்கு உதவக்கூடியது பாசேக்காரர்களின் வழி. அவ்வூர்ப் பெண்கள் சாவோப் என்ற குகைக்குள் உட்கார்ந்து நெய்வதற்குக் காரணம், அங்குள்ள குளிர்ச்சியில் புல் விறைக்காமல் துவண்டு கொடுப்பதுதான். குகைக்கு நாம் எங்கே போவது? இரவே ஓலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, வெயில் ஏறுமுன் முடைந்து முடியுங்கள். தாழையில் முயல நினைத்தால் முற்றிய வெளிமடலை மட்டும் அறுங்கள். கரை மணலைப் பிடித்து நிற்பது அந்தப் புதர்தான்.

கேட்டவர் மறுபடியும்

மிக்க நன்றி, ஐயா. இன்று விடியுமுன் முடைந்த கொட்டானில் விளிம்பு ஓரிடத்திலும் ஒடியவில்லை. ஆனால் சாய ஓலையையும் வெள்ளோலையையும் ஒரே சாக்கில் சுற்றிவிட்டதால், வெள்ளை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை.