மறு: பக்கவாதம்: ‘லாஸ்ட் நோன் வெல்’ தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்ட்ரோக்குக்குப் பக்கவாதமா, மூளைத்தாக்கா என்று இந்த இழை அனுமார் வால் ஆகிவிட்டது. என் ஓட்டு பக்கவாதத்துக்கே. கோளாறு மூளையில், பெயரோ கைகாலைக் காட்டுகிறது என்பது உண்மைதான். எண்ணெய் தேய்க்கவும் புறா ரத்தம் பூசவும் ஆட்கள் அலைவதில் அந்தப் பெயருக்கும் பங்குண்டு. ஆனாலும் குடியாத்தத்துப் பாட்டி ஒருவரிடம் மூளைத்தாக்கு என்று சொன்னால், யார் தாக்கியது என்றுதான் கேட்பார்.

எனக்கு இப்போது வேண்டியது வேறு சொல். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்காக பக்கவாதம் பற்றிய ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முகம் கோணுதல், கை துவளுதல், பேச்சு குழறுதல் எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. ‘லாஸ்ட் நோன் வெல்’ (last known well), அதாவது நோயாளி நன்றாக இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நேரம், அது மட்டும் அடம்பிடிக்கிறது. 1949-லேயே நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறை தொடங்கிய ஊர் வேலூர்; இதற்கு ஒரு சொல் இல்லையென்றால் எப்படி?

சென்ற ஆண்டு குடியாத்தத்தில் என் அத்தை காலை 6 மணிக்கு வாய் கோணிக் கிடந்தார். வேலூர் மருத்துவமனைக்கு வந்துசேர ஏழேகால் ஆனது. எப்போது வந்தது என்று கேட்ட மருத்துவரிடம் 6 மணி என்றோம். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. “கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தீர்கள்?” என்றார். இரவு பத்து மணிக்கு, படுக்கப் போகும்போது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரம்தான் கெடு. எங்கள் முகம் தொங்கிவிட்டது. உடன் வந்திருந்த எதிர்வீட்டு அக்கா அப்போதுதான் வாய் திறந்தார்: “நாலரைக்கு வாசல் தெளித்தாரே! பால்காரர் வந்தாரா என்று என்னிடம் கேட்டாரே!” கணக்கே மாறிப்போயிற்று. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். (மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசியும் வகையாக இருந்தால் அதே ஊசி எமன். அடைப்பா கசிவா என்று தெரியும் முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.)

ஆகவே ‘அறிகுறி தோன்றிய நேரம்’ உதவாது. ‘இறுதி நல நேரம்’ என்று எழுதிப் பார்த்தேன். இறுதி என்றதும் வீட்டார் பாடைக்குச் சொல்லிவிடுவார்கள். நல நேரமோ காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் இருப்பது. பார்த்த ஆளைத் தேட வைக்கும் சொல் வேண்டும். ‘நலங்கண்ட நேரம்’ என்று முன்மொழிகிறேன்.

காட்பாடியிலிருந்து

* * *

> ‘நலங்கண்ட நேரம்’

காட்பாடியாரே, புணர்ச்சி அழகு, பொருள் ஆபத்து. ‘நலம் கண்டார்’ என்றால் குணமானார் என்றல்லவா படிப்பேன்? நோயாளி தேறிய நேரத்தை எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள். ‘நலமாய்க் கண்ட நேரம்’ என்று பிரித்துவிடுங்கள். முன்னால் ‘கடைசியாக’வும் வேண்டும். தூக்கத்திலேயே வந்தால் எதைக் கணக்கில் எடுப்பது?

ஆரணியிலிருந்து

* * *

ஆரணி ஐயா, சரணடைந்தேன்.

தூக்கத்தில் வந்தால், படுக்கும் முன் நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. அதற்காகக் கெடு போய்விட்டது என்று யாரும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடத் தகுந்தவர்கள் உண்டு. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடை வழியாக நுண்குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இடமுண்டு. இதையும் சேர்த்துவிட்டேன்.

அறிக்கையில் கேள்வியாகவே போட்டேன்: “கடைசியாக நலமாய்க் கண்ட நேரம் என்ன? கண்டவர் யார்?” எதிர்வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். “நான் என்ன கண்டவளா? பார்த்தவர் என்று போடு” என்றார். ‘நலமாய்ப் பார்த்த நேரம்’ என்று திருத்தி அச்சுக்கு அனுப்புகிறேன்.