18 வோல்ட் பேட்டரி மெஷின் செட்டுக்கு மாறணும்: எதை எடுப்பது, எத்தனை பேட்டரி?

தாம்வே மரவேலை:

அண்ணன்மாருக்கு வணக்கம். கதவு, ஜன்னல் நிலை, அடுப்பங்கரை அலமாரி, இதுதான் நம்ம வேலை. ரெண்டு ஆள். பெரும்பாலும் 18 மில்லி பிளைவுட், தேக்கு. சில வீட்டில் நிலைக்கு பியின்கடோ மரம் கொடுக்கிறாங்க. கான்கிரீட்டில் 6, 8 மில்லி ஓட்டை ஒரு நாளைக்கு முப்பது வரைக்கும் வரும். ரங்கூன் கரண்ட் நிலவரம் தெரிஞ்சதுதான். எங்க பக்கம் நாலு மணி நேரம் வந்தா அடுத்த நாலு மணி நேரம் இல்லை. சைட் ஜெனரேட்டரையும் நம்ப முடியலை.

கடையில் மூணு செட் காட்டுறாங்க. தாய்லாந்து எல்லை மியாவதி வழியா வந்த புது மக்கீட்டா ஒண்ணு. ஜப்பான்ல இருந்து வந்த பழைய மக்கீட்டா, சார்ஜரும் சேர்த்துப் பாதி விலை. மூணாவது '88 விஎஃப்'னு போட்ட சீன செட், ரெண்டு பேட்டரியோட அதைவிடக் கம்மி. 88ன்னா 18ஐ விட இழுவை அதிகமா? எத்தனை பேட்டரி இருந்தா ஒரு நாள் ஓடும்?

பெகு ஃபோர்மேன்:

தம்பி, அந்த 88 வோல்ட்டே இல்லை, வெறும் ஸ்டிக்கர். இந்த வகைப் பேட்டரி எல்லாத்துக்குள்ளேயும் வரிசையா அஞ்சு செல்தான். ஒரு செல் 3.6 வோல்ட், அஞ்சும் சேர்ந்தா 18. முழுசா சார்ஜ் ஆனா ஒண்ணு 4.2, மொத்தம் 21. அதனால '20 மேக்ஸ்', '21 வோல்ட்', '88 விஎஃப்' எல்லாம் ஒரே ஜாதிதான். வோல்ட்டை விடுங்க, வாட்-அவர் கணக்கு பாருங்க, அதுதான் பேட்டரியில அடங்குற மின்சாரம்: 18 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பெருக்கினா 90 வாட்-அவர்.

போலி பேட்டரியைக் கடையிலேயே பிடிக்கலாம், தராசு இருந்தா போதும். 5 ஏஎச் பேட்டரியில் 18650-ன்னு சொல்ற உருளை செல் அஞ்சஞ்சா ரெண்டு வரிசை, மொத்தம் பத்து இருக்கணும். ஒரு செல் சுமார் 45 கிராம், பத்துக்கு 450. கூடு, போர்டு எல்லாம் சேர்ந்து நல்ல சரக்கு 600 கிராமுக்கு மேலேதான் நிக்கும். 400 கிராம்னு காட்டினா உள்ளே அஞ்சு செல்தான், மீதி காத்து. அதே அளவு கூட்டில் '9 ஏஎச்'னு எழுதியிருந்தா தொடவே வேண்டாம். 18650 செல்லில் அதிகபட்சமே 3.5 ஏஎச் பக்கம்தான்; ரெண்டு வரிசைக்கு 7 தாண்டாது. அந்தப் பெரிய செல்லும் கட்டர் இழுக்கிற ஆம்பியரைக் கொடுக்காது.

எத்தனை வேணும்னு கேட்டீங்க. ரெண்டு ஆளுக்கு 5 ஏஎச் நாலு. விலை கம்மினு 2 ஏஎச்-ல ஆறு வாங்கிடாதீங்க. 2 ஏஎச்-ல ஒரே வரிசை. வட்ட ரம்பம் 30 ஆம்பியர் இழுத்தா ஒவ்வொரு செல்லும் 30 முழுசையும் தாங்கணும். 5 ஏஎச்-ல ரெண்டு வரிசை, செல்லுக்கு 15தான் விழும். ஒத்தை வரிசையில வோல்ட் சரியும், சூடேறும், மெஷின் பாதி வெட்டுல நிக்கும், ஒரு வருஷத்துல செல் போயிடும். 2 ஏஎச் ஒண்ணு வேணும்னா வெச்சுக்கலாம், கையைத் தூக்கி அலமாரிக் கீல் பூட்டுற வேலைக்கு எடை குறைவா இருக்கும்.

சார்ஜர் விஷயம் பேட்டரியை விட முக்கியம். வேக சார்ஜர் (மக்கீட்டா டிசி18ஆர்சி மாடல்) 5 ஏஎச்-ஐ 45 நிமிஷத்தில் நிரப்பும். நாலு மணி நேரக் கரண்டில் நாலும் நிரம்பிடும். செட்டோட கொடுக்கிற சின்ன சார்ஜர் ஒண்ணுக்கே ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்ட எடுக்கும். அந்த நேரத்துக்குள்ள ரெண்டுதான் தேறும். ரம்பத்துல இருந்து கழட்டின சூட்டோட மாட்டினா சிவப்பு விளக்கு மினுக்கிட்டு ஆறுற வரை காத்துக்கிட்டே இருக்கும், கரண்ட் நேரம் வீணாப் போகும். அதனால கரண்ட் வர்றதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே கழட்டி நிழல்ல வையுங்க.

மோல்மேன் எலக்ட்ரீஷியன்:

ஜப்பான் செட் பற்றி ஒன்று. சார்ஜரின் அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட் என்று இருக்கும். நம்ம 230-ல் செருகிய உடனே உள்ளே கெப்பாசிட்டர் வெடிக்கும். 230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், 500 விஏ-க்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையக் கூடாது. ஹீட்டருக்கு விற்கிற லேசான எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் உதவாது. மெஷினும் பேட்டரியும் ஒரே மாதிரிதான், எனவே அந்தச் சார்ஜரைத் தள்ளிவிட்டு 230 வோல்ட் சார்ஜர் தனியாக வாங்குவதே நல்லது.

இன்வர்ட்டரில் சார்ஜ் செய்ய நினைத்தால் ப்யூர் சைன் (லைன் கரண்ட் போல சீரான அலை தரும் வகை) மட்டும். மற்ற வகையில் சார்ஜர் முனகும், சூடாகும், ஆயுசு குறையும். 12 வோல்ட் 100 ஏஎச் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், 600 வாட்-அவர். இன்வர்ட்டர், சார்ஜர் இரண்டிலும் நஷ்டம் போக சுமார் 430 கைக்கு வரும். நாலு 5 ஏஎச் பேட்டரியோடு முடிந்தது. வீட்டில் விசிறி ஓடாது. ஜெனரேட்டர் என்றால் அது ஓட ஆரம்பித்து நிதானமான பிறகு சார்ஜரைச் செருகுங்கள், அணைக்கும் முன் பிடுங்குங்கள்.

தட்டோன் ஆசாரி:

எல்லாத்தையும் பேட்டரிக்கு மாத்துறதுல எனக்கு சம்மதம் இல்லை. கிரைண்டரை வயரிலேயே விட்டுடுங்க. பளுவா அழுத்தினா 700 வாட் இழுக்கும். 90 வாட்-அவர் எட்டு நிமிஷம்கூட வராது. பிளைவுட் ஷீட்டை நீளத்துக்குக் கிழிக்கிற வேலையையும் கரண்ட் இருக்கும்போது மேஜை ரம்பத்துல முடிச்சிடுங்க. சைட்டுக்கு ஸ்க்ரூ முடுக்குற இம்பாக்ட் டிரைவர், டிரில், கான்கிரீட்டைக் குத்தித் துளைக்கிற எஸ்டிஎஸ் ஹேமர், சின்ன ரம்பம், இவ்வளவு போதும். முப்பது ஓட்டைக்கு 5 ஏஎச் ஒண்ணு தாராளம், ஆனா எஸ்டிஎஸ்-ஆ இருக்கணும். டிரில்லுல சுத்தியல் குறி இருக்குதுன்னு அதை கான்கிரீட்டுல வெச்சு அழுத்தாதீங்க, பேட்டரியும் பிட்டும் ரெண்டும் தீரும்.

பியின்கடோவுல இம்பாக்டை நேரா விட்டா ஸ்க்ரூ தலை முறிஞ்சு உள்ளேயே நிக்கும், தோண்டி எடுக்க முடியாது. நம்ம ஊர்ல இருள்னு சொல்ற மரம்தான் அது. 5 மில்லி ஸ்க்ரூவுக்கு 3.5 இல்லைன்னா 4 மில்லியில முழு ஆழத்துக்கு முன்ஓட்டை, மரைக்கு மெழுகு, டிரில்லுல கியர் 1, கிளட்ச் நடுவுல. கடைசி ரெண்டு சுத்து கையால.

தாம்வே மரவேலை:

ரொம்ப நன்றி அண்ணே. அப்போ ஜப்பான் செட் மெஷினை எடுத்து, சார்ஜர் மட்டும் புதுசு வாங்கறேன். அதோட வர்ற பழைய பேட்டரி ரெண்டும் தேறுமான்னு எப்படிப் பார்ப்பது? கடைக்காரர் செல் மாத்தித் தர்றேன்னும் சொல்றார்.

மோல்மேன் எலக்ட்ரீஷியன்:

முழுக்க சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் விட்டு மல்டிமீட்டர் வையுங்கள்: 20 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். பிறகு நடுவில் துளை உள்ள டி10 நட்சத்திர பிட்டால் கூட்டைத் திறந்து ஐந்து ஜோடியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எல்லாம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் வாங்கலாம். ஒரு ஜோடி மட்டும் 0.3 கீழே என்றால் விட்டுவிடுங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை வேறு பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து எழுப்பும் வித்தையைச் சிலர் காட்டுவார்கள். உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கும், சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

செல் மாற்றினால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தச் செல்? சாம்சங் 25ஆர் போல 20 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும், லேப்டாப்பில் பிரித்த செல் கூடாது. எப்படி இணைப்பார்? ஸ்பாட் வெல்டிங் மட்டும், அதுவும் சுத்த நிக்கல் பட்டையில். சால்டரிங் அயர்ன் வைத்தால் அந்தச் சூட்டில் செல்லின் சீல் கெடும்.

பெகு ஃபோர்மேன்:

பாங்காக்ல இருந்து யாராவது வந்தா பேட்டரியை அங்கேயே வாங்கச் சொல்லலாம். கைப்பையிலதான் கொண்டு வரணும், முனைக்கு டேப் ஒட்டி. செக்-இன் பெட்டியில வெச்சா எடுத்துடுவாங்க. 100 வாட்-அவர் வரைக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 5 ஏஎச் 90தான், பிரச்சினை இல்லை. 6 ஏஎச் 108 வரும், ஏர்லைன்ஸ்ல முன்கூட்டியே கேட்கணும், அதுவும் ஆளுக்கு ரெண்டுதான்.