மாட்டுத் தரகர் வேடத்தில் ஸ்டாண்டப்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன நிகழ்ச்சியில் ஸ்டாண்டப் காமெடி செய்கிறேன். நானாக இல்லை, குந்தாரப்பள்ளி சந்தையின் மாட்டுத் தரகராக. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற ஆள்; மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் பல்லைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் பேரி ஹம்ப்ரீஸ் 1955-இல் மேடையேற்றிய எட்னா என்ற இல்லத்தரசியாகவே டிவி பேட்டிகளுக்கும் போனார். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன், தானே வேடம் போட்ட டோனி கிளிஃப்டன் என்ற பாடகர் வேறு ஆள் என்றே சாதித்தார். அவ்வளவு தூரம் எதற்கு, நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் வேடம் கலையாமலே கூட்டத்தை வம்புக்கு இழுப்பானே!

எனக்குச் சிக்கல் அங்கேதான். எழுதிவைத்த வசனம் சரியாக வருகிறது. கூட்டத்திலிருந்து யாராவது குறுக்கே கேட்டால் தரகர் காணாமல் போய்விடுகிறார். கூத்தாடிய அனுபவம் உள்ளவர்கள் இதை எப்படிச் சமாளிப்பீர்கள்?

அப்புறம், தெலுங்கும் கன்னடமும் கலந்த சந்தைப் பேச்சு, அந்த விரல் கணக்கு இரண்டும் தெரிந்த தரகர் யாராவது இருந்தால் அறிமுகப்படுத்துங்கள். அவர் முன்னால் ஒருமுறை நடித்துக் காட்ட வேண்டும். தொழிலைக் கேலி செய்வதாக அவருக்குத் தோன்றினால் அந்த இடத்தை வெட்டிவிடுவேன்.